சரசோட்டாவில் ஒரு நாள்: ரிங்லிங் மாளிகையும் கடற்கரையும், முதல்முறை போகிறவர்களுக்கு

ஃப்ளோரிடாவுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தபோது ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். டிஸ்னிக்கு வர அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. "சர்க்கஸ் முதலாளி கட்டின பங்களா ஒன்னு இருக்காமே, பக்கத்துல கடலும் இருக்காம்" என்று யாரோ சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை இலவசம் என்று எங்கேயோ படித்ததை நம்பி, எதையும் முன்பதிவு செய்யாமல் மதியம் ஒரு மணிக்குப் போய் இறங்கினோம். இலவசம் என்பது ஓவியக் கூடத்துக்கு மட்டும்தான். மாளிகைக்குத் தனி டிக்கெட், அதுவும் நேரம் குறித்த டிக்கெட். அன்றைக்கு மிச்சமிருந்த நேரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மாளிகையை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வெயிலில் கடற்கரைக்குப் போனால் வண்டி நிறுத்த இடமில்லை. நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு, காலைக்கூட நனைக்காமல் வீடு திரும்பினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம், நாள் அவ்வளவு அழகாக அமைந்தது. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறவர்களுக்கும், புதிதாக டாம்பா, ஆர்லாண்டோ பக்கம் குடிவந்தவர்களுக்கும் அந்த முதல் திங்கட்கிழமை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகும் இடம் எது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ரிங்லிங் சர்க்கஸ் சகோதரர்களில் ஒருவரான ஜான் ரிங்லிங், தன் மனைவி மேபலுடன் சரசோட்டா வளைகுடாவின் கரையில் 1920-களில் கட்டிய வீடுதான் 'கா தசான்'. வெனிஸ் நகரப் பேச்சுவழக்கில் 'ஜானின் வீடு' என்று பொருள். 66 ஏக்கர் வளாகத்தில் இந்த மாளிகை, ஓவியக் கூடம், சர்க்கஸ் அருங்காட்சியகம், தோட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. மொத்தத்துக்கும் பெயர் 'த ரிங்லிங்'.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

வளாகம் வாரம் முழுக்கக் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாளும் விடுமுறை. நம் ஆட்களுக்கு லீவு கிடைப்பதும் அந்த நாட்களில்தான் என்பதால், டிசம்பரில் திட்டமிடுகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஓவியக் கூடம் இலவசம். ஓவியங்களைப் பார்ப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் தாராளமாகத் திங்களன்று போகலாம். மாளிகையும் சர்க்கஸும் பார்க்க வேண்டுமென்றால் அன்றும் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். இலவசம் என்பதால் கூட்டமும் வரும். வியாழக்கிழமை ஓவியக் கூடம் இரவு 8 வரை திறந்திருக்கும். மாளிகைக்கும் அந்த நீட்டிப்பு உண்டு என்று நம்பிப் போகாதீர்கள். உங்கள் டிக்கெட்டில் இருக்கும் நேரம்தான் கணக்கு.

என் யோசனை செவ்வாய் அல்லது புதன். அலுவலகத்தில் ஒரு நாள் லீவு போட முடிந்தால் போடுங்கள். அருங்காட்சியகத்தை விட, கடற்கரையில் வண்டி நிறுத்துவதற்குத்தான் வாரநாள் ரொம்ப உதவுகிறது.

2. மாதமும் முக்கியம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை குளிர் மாநிலங்களிலிருந்து வந்து தங்குகிறவர்களால் ஊர் நிரம்பி வழியும். வானிலை அருமையாக இருக்கும், ஆனால் சாலைகள் நெரியும். மார்ச் மாதக் கல்லூரி விடுமுறையில் கடற்கரைப் பக்கம் வண்டி நகரவே நகராது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கூட்டம் குறைவு. ஆனால் மதியத்துக்கு மேல் இடி மின்னலுடன் மழை கிட்டத்தட்ட தினமும் வரும். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: காலை ஏழரை மணிக்கே கடற்கரை, பதினொரு மணிக்கு மேல் மாளிகை. மழை வரும் நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பீர்கள்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2024 அக்டோபர் 9 அன்று மில்டன் புயல் கரையைக் கடந்ததே, கடற்கரைக்காக நாம் போகும் சியஸ்டா கீ தீவில்தான். அதற்கு இரண்டு வாரம் முன்பு வந்த ஹெலீன் புயலின் கடல் வெள்ளம் மாளிகையின் வளைகுடா பக்கத் தளத்தைச் சேதப்படுத்தியது. அதனால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது பழுதுபார்ப்பில் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும்தான் சரியான காலம். வெயில் சுடாது, கூட்டம் இன்னும் வந்திருக்காது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் குளிரும்.

3. டிக்கெட்: மாளிகை நேரத்தை முதலில் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். டிக்கெட் இரண்டு அடுக்கு. பொது நுழைவு டிக்கெட்டில் ஓவியக் கூடமும் சர்க்கஸ் அருங்காட்சியகமும் அடங்கும். மாளிகைக்குள் போக அதற்கு மேல் தனிக் கட்டணம், நேரம் குறித்து வாங்க வேண்டும்.

நாங்கள் போனபோது பொது நுழைவு பெரியவர்களுக்கு முப்பது டாலர் வாக்கில் இருந்தது. மாளிகையின் தரைத்தளத்தை நாமாகவே சுற்றிப் பார்க்க, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் கூடுதல். வழிகாட்டியுடன் மேல்மாடியும் பார்க்கிற சுற்றுக்கு அதைவிட அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு நுழைவு இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. விலை மாறக்கூடியது, வாங்கும் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுடன் போனால் தரைத்தளம் போதும், மேல்மாடிச் சுற்று வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்க வேண்டிய பெரிய அறைகள் கீழேயே இருக்கின்றன. மாடிச் சுற்றில் படியும் உண்டு, நின்றுகொண்டே கேட்க வேண்டிய நேரமும் உண்டு.

எந்த நேரத்தை எடுப்பது? காலை 10 மணிக்கு உள்ளே நுழைந்தால் மாளிகைக்கு 12 மணி வாக்கில் எடுங்கள். நுழைவாயிலிலிருந்து மாளிகை வரை நல்ல நடை. நடுவில் சர்க்கஸ் இருக்கிறது, அதை முடிக்காமல் பிள்ளைகள் நகர மாட்டார்கள். 10.30 என்று எடுத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிய ஒரு குடும்பத்தை நாங்கள் போன அன்றே பார்த்தோம். கூடவே ஒரு பாட்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

தோட்டங்களுக்கு டிக்கெட் தேவையில்லை. வளைகுடா ஓரத் தோட்டமும் ஆலமரங்களும் ரோஜாத் தோட்டமும் திறந்திருக்கும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். கையில் பணம் இறுக்கமாக இருக்கிற மாதம் என்றால், ஒரு திங்கட்கிழமை ஓவியக் கூடமும் தோட்டமும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனால் நுழைவுச் செலவே கிடையாது. அதுவும் நல்ல நாள்தான். மாளிகைக்குள் போகப்போவதில்லை என்று வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டிக்கெட் போனிலேயே காட்டலாம். இருந்தாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருந்தால் அவர்களுடைய ஐ-94 படிவத்தை (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு ஆவணம்) பிரிண்ட் எடுத்து, பாஸ்போர்ட் நகலுடன் வையுங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். கிரீன் கார்டு இருப்பவர்கள் கார்டையே எடுத்துக்கொள்ள வேண்டும். கடற்கரைக்குப் போகிறோம் என்று அசல் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டு மணலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒருவர் எப்போதும் பையோடு கரையில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு எடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட மாத்திரைகளும் கூடவே வரட்டும், சூடான காரில் விட்டுவிடக் கூடாது. மாணவராக இருந்தால் கல்லூரி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, சலுகை உண்டா என்று கேளுங்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளோரிடாவில் குடியேறிவிட்டீர்கள் என்றால் 30 நாளுக்குள் இந்த மாநில உரிமம் எடுத்துவிட வேண்டும். ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டலாம் என்று நண்பர்கள் சொன்னால் கேட்காதீர்கள். குழந்தைக்கு 6 வயது ஆகும் வரை சட்டப்படி கார் சீட்டோ பூஸ்டரோ வேண்டும். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் சீட்டுக்குத் தினசரி வாடகை கட்டுவதை விட வீட்டிலிருந்தே கொண்டுபோவது மேல்.

5. போகும் வழி

டாம்பாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆர்லாண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐ-75 நெடுஞ்சாலையில் எக்ஸிட் 213, யுனிவர்சிட்டி பார்க்வே. அதிலிருந்து மேற்கே நேராக ஏழு மைல் வாக்கில் போனால் ரிங்லிங் வளாகத்தின் முன்னால் வந்துவிடுவீர்கள். வளாகத்தில் வண்டி நிறுத்த இலவசம்.

டாம்பாவிலிருந்து ஐ-275 வழியாகவும் வரலாம். சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் ஏறும்போது இரு பக்கமும் கடல்தான், அந்தக் காட்சிக்காகவே ஒரு முறை வரலாம். ஆனால் அங்கே டோல் உண்டு. வாடகைக் காரில் வந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். டோல் சிறிய தொகைதான், ஆனால் அதைச் செலுத்திக் கொடுப்பதற்காக வாடகை நிறுவனங்கள் போடும் சேவைக் கட்டணம் டோலைவிடப் பல மடங்கு வரும், பில் பல நாள் கழித்துத்தான் வரும். கார் எடுக்கும்போதே டோலுக்கு என்ன ஏற்பாடு, எவ்வளவு கட்டணம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐ-75 வழியே வந்துவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சரசோட்டா விமான நிலையம் ரிங்லிங்குக்கு மிக அருகில், ஊபரில் சில நிமிடம். சரசோட்டா டவுன்டவுனிலிருந்து பிரேடன்டன் போகும் 99-ஆம் எண் பஸ் 41-ஆம் நெடுஞ்சாலையில் ரிங்லிங் பக்கமாகப் போகிறது. டவுன்டவுனுக்குத் திரும்பி வந்தால் அங்கிருந்து லைடோ கடற்கரைக்கு 'பே ரன்னர்' என்ற இலவச டிராலி விட்டிருக்கிறார்கள். நீங்கள் போகும் வாரத்தில் அது ஓடுகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது

பெரிய பேக்பேக்கை காட்சிக்கூடங்களுக்குள் கொண்டுபோக முடியாது. குடை, கூலர், துண்டு எல்லாம் காரிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் போட ஒரு சின்னத் தோள்பை போதும். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது.

நடக்கக் கஷ்டப்படுகிறவர்கள் இருந்தால் நுழைவாயிலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலி கேட்டால் கொடுக்கிறார்கள். வளாகத்துக்குள் கட்டடத்துக்குக் கட்டடம் கூட்டிப்போகச் சின்ன டிராம் வண்டியும் ஓடுகிறது. முதல் முறை இது தெரியாமல் அப்பாவை அவ்வளவு தூரம் நடக்கவைத்துவிட்டேன்.

காலை 10 மணிக்கு முதலில் டிபல்ஸ் மையத்துக்குப் போங்கள். அங்கேதான் அந்த குட்டி சர்க்கஸ் இருக்கிறது. ஹோவர்ட் டிபல்ஸ் என்கிறவர் பல பத்தாண்டுகளாகத் தன் கையாலேயே செய்தது. ஒரு அடியை முக்கால் அங்குலமாகச் சுருக்கி, 42,000-க்கும் மேற்பட்ட உருப்படிகளுடன், 3,800 சதுர அடியில் ஒரு முழு சர்க்கஸ் ஊரையே விரித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பெரிய கூடாரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் சாப்பாட்டுக் கூடாரத்தின் பக்கம் குனிந்து பாருங்கள். வரிசையாக மேசைகள், மேசை மேல் தட்டு, பக்கத்திலேயே சமைக்கும் ஆட்கள். எங்கள் அம்மா கல்யாண மண்டபத்தில் பந்தி பார்க்கிற மாதிரி அங்கேயே நின்றுவிட்டார். "இத்தனை பேருக்கு மூணு வேளை எவன்டா சமைச்சான்" என்று கேட்டார். ஒரு சர்க்கஸ் என்பது ஒரு ஊரையே மடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போவது என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. விளக்கொளி பகல் இரவாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு சுற்று முழுக்க இருந்து பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தரையிலிருந்து கொஞ்சமே உயரமான கம்பியில் நடந்து பார்ப்பது போன்ற விளையாட்டுகளும் பிள்ளைகளுக்கு உண்டு.

அடுத்த கட்டடத்தில் பழைய சர்க்கஸ் வண்டிகள், மனிதனைச் சுட்டு எறியும் பீரங்கி வண்டி, ரிங்லிங் தம்பதி பயணம் செய்த 'விஸ்கான்சின்' என்ற தனி ரயில் பெட்டி எல்லாம் இருக்கின்றன. அரை மணி நேரம் போதும்.

பிறகு மாளிகைப் பக்கம் நடக்கும் வழியில் ஆலமரங்கள் வரும். எடிசன் கொடுத்த கன்றுகள் என்று சொல்கிறார்கள். நம் ஊர் ஆலமரமேதான், அதே விழுது, அதே நிழல். அப்பா ஒரு விழுதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். வந்து இரண்டு மாதத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. பெற்றோருடன் போகிறவர்கள் இங்கே ஒரு கால் மணி நேரமாவது உட்காருங்கள். மர நிழலுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சறுக்கு மரத்துடன் விளையாட்டுத் திடலும் இருக்கிறது.

மாளிகைக்கு உங்கள் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள். 56 அறைகள், 36,000 சதுர அடி. உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு எல்லாரும் அங்கேயே தேங்கிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்காமல் நடன அறைக்குப் போய் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். பல நாட்டு ஜோடிகள் தங்கள் தங்கள் உடையில் நடனமாடுவதை வில்லி போகனி என்ற ஓவியர் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். இந்திய ஜோடி இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், கழுத்து வலிக்கும் வரை தேடுவார்கள். வெளியே வந்தால் வளைகுடா. கடலோரத் தளம் திறந்திருந்தால் அங்கே நின்று வீட்டின் முகப்பைத் திரும்பிப் பாருங்கள். வண்ண ஓடுகள் வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறுவது அந்தப் பக்கத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும்.

ஓவியக் கூடத்தைக் கடைசிக்கு வையுங்கள். ரூபன்ஸ் என்ற ஓவியரின் சுவர் அளவு ஓவியங்கள் ஒரே கூடத்தில் இருக்கின்றன, அதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். களைப்பாக இருந்தால் நடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையின் வெண்கலப் பிரதி அங்கே நிற்கிறது. இரண்டு, இரண்டரை மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் கடற்கரை கையை விட்டுப் போய்விடும்.

7. சாப்பாடு

வளாகத்தில் உணவகம் இருக்கிறது. சுத்த சைவக்காரர்களுக்கு அங்கே சாலட், சிப்ஸைத் தாண்டிப் பெரிதாக நம்பாதீர்கள். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். தயிர்சாதம் என்றால் ஐஸ் போட்ட கூலரில்தான் வைக்க வேண்டும். மூடிய காருக்குள் ஃப்ளோரிடா வெயிலில் இரண்டு மணி நேரத்தில் அது புளித்துவிடும். சியஸ்டா கடற்கரையில் கூரை போட்ட இடமும் மேசைகளும் இருக்கின்றன, மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கை இல்லாமல் துடைத்துவிடுங்கள். கடற்புறாக்கள் கையிலிருந்தே பிடுங்கும்.

8. எந்தக் கடற்கரை: லைடோவா, சியஸ்டாவா?

பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து வந்தால் சியஸ்டா. நேரம் குறைவாக இருந்தால் லைடோ.

லைடோ பக்கம். ரிங்லிங்கின் பெயரில் உள்ள பாலத்தைத் தாண்டி, செயின்ட் ஆர்மண்ட்ஸ் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனால் கடற்கரை. அந்த வட்டமும் ஜான் ரிங்லிங் திட்டமிட்டதுதான். வண்டி நிறுத்தும் இடத்தில் பலகையைப் படித்து, கட்டணம் உண்டென்றால் அங்கேயே ஆப்பில் கட்டிவிடுங்கள்.

சியஸ்டா கீ தெற்கே, போக்குவரத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அந்த மணலுக்காகவே போகலாம். 99 சதவீதம் குவார்ட்ஸ், மாவு போலச் சன்னம், கூசும் வெள்ளை. மெரினாவில் மதியம் செருப்பைக் கழற்றினால் குதிக்க வேண்டும். இங்கே மூன்று மணி வெயிலில் அம்மா வெறுங்காலோடு நடந்தார், மணல் சில்லென்றிருந்தது. நம்பாமல் குனிந்து ஒரு பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

நாங்கள் போனபோது பொதுக் கடற்கரையில் வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால்தான் இடமும் இல்லை. காலை பத்து மணிக்குள் நிரம்பிவிடும். மூன்று மணிக்கு மேல் காலையில் வந்தவர்கள் கிளம்பத் தொடங்குவார்கள், அதனால்தான் மாளிகையைக் காலையில் வைக்கச் சொன்னேன். இடம் கிடைக்கவில்லையென்றால் பக்கத்துக் கடைகளின் வளாகத்திலோ குடியிருப்பு வாசலிலோ நிறுத்திவிடாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியை மீட்க ஆகும் செலவு அன்றைய மொத்தச் செலவையும் தாண்டும். அதற்குப் பதில் தீவின் தென்கோடியில் உள்ள டர்ட்டில் பீச்சில் நிறுத்திவிட்டு, தீவு முழுக்க ஓடும் இலவச டிராலியில் ஏறி வந்துவிடுங்கள்.

பெரிய சக்கரம் வைத்த மணல் நாற்காலி இலவசமாகக் கிடைக்கும், முதலில் கேட்கிறவருக்கு முதலில். லைஃப்கார்டுகளிடம் கேளுங்கள். நடக்க வசதியாக மணல் மேல் பாயும் விரித்திருக்கிறார்கள். அப்பா அலை தொடும் தூரம் வரை வந்தது அதனால்தான்.

9. தண்ணீரில் இறங்கும் முன்

முந்தைய நாள் இரவு 'ரெட் டைட்' இருக்கிறதா என்று பாருங்கள். கடலில் ஒரு நுண்பாசி பெருகும்போது மீன்கள் செத்து ஒதுங்கும், காற்று கரைப் பக்கம் வீசினால் இருமலும் கண் எரிச்சலும் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் அன்று கடற்கரைக்கே போகக் கூடாது. சரசோட்டாவில் உள்ள மோட் கடல் ஆய்வகம் ஒவ்வொரு கடற்கரையின் நிலவரத்தையும் இணையத்தில் போடுகிறது.

லைஃப்கார்டு கோபுரத்தில் கொடி பாருங்கள். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. இரண்டு சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா என்றால் ஜெல்லி மீன், திருக்கை போன்றவை இருக்கின்றன. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆழமில்லாத இடத்திலும் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். கொட்டிவிட்டால் உடனே லைஃப்கார்டிடம் போங்கள், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைப்பார்கள், வலி குறையும்.

இழுவை நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் காருக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது.

கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, ஊறுகாய் பாட்டிலும் அதில் சேர்த்திதான். உயிருள்ள கிளிஞ்சல், நட்சத்திர மீனை எடுக்காதீர்கள். மே முதல் அக்டோபர் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். கயிறு கட்டிய இடத்துக்குள் போகாதீர்கள், பிள்ளைகள் தோண்டிய குழியைக் கிளம்பும் முன் மூடிவிடுங்கள். கடலுக்குத் திரும்பும் குஞ்சு அதில் விழுந்தால் ஏறி வர முடியாது.

10. செலவும் நேரமும், ஒரு கணக்கு

நான்கு பெரியவர்கள், ஒரு சின்னப் பிள்ளை. பொது நுழைவு சுமார் 120 டாலர், மாளிகைத் தரைத்தளம் சுமார் 45 டாலர். டாம்பாவிலிருந்து போய்வர பெட்ரோல் 20 டாலருக்குள். சாப்பாடு வீட்டிலிருந்து, ஐஸ்கிரீமுக்கும் காபிக்கும் 30 டாலர். ஆக 215 டாலர் வாக்கில். மாளிகையையும் சர்க்கஸையும் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை போனால் 50 டாலரில் முடியும்.

எங்கள் நேரம் இப்படிப் போனது: 8.15-க்கு டாம்பாவில் கிளம்பி 9.45-க்கு ரிங்லிங். 10 முதல் 11.30 வரை சர்க்கஸ், ஆலமரத்தடியில் சிறிது நேரம், 12-க்கு மாளிகை, 1 மணிக்கு ரோஜாத் தோட்டமும் ஓவியக் கூடமும். 2.15-க்குக் கிளம்பி 3 மணிக்கு சியஸ்டா. அங்கே சாப்பாடு, பிறகு கடல். பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பசி தாங்காது, 11.30-க்கே ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். நம் சென்னைக் கடலில் உதயம்தான் பார்க்க முடியும், அதனால் அஸ்தமனத்துக்கு இருந்துவிட்டுப் போங்கள். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே இறங்கிவிடும், ஜூனில் எட்டரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை சியஸ்டாவில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து டிரம்ஸ் அடித்து ஆடுவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு வண்டி நெரிசல் அதிகம். மறைந்த உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அந்தக் காட்சி போய்விடும், அதனால் அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். அதற்குள் குளியல் குழாயில் கால் கழுவி, பிள்ளைக்கு உடை மாற்றி, மிச்சப் புளியோதரையை முடித்துவிடலாம். கார் ஏறும் முன் காலில் கொஞ்சம் பேபி பவுடர் போட்டுத் தட்டுங்கள், மணல் எல்லாம் உதிர்ந்துவிடும்.